15 வயது பாயிண்ட் கார்ட், தப்பு செய்த உடனே வெளியே எடுக்கிறார் கோச். பேசலாமா, பள்ளியை மாற்றலாமா?

கரூர் அப்பா:

வணக்கம். என் மகனுக்கு 15 வயது, பள்ளி பாஸ்கெட்பால் அணியில் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். ஆறாம் வகுப்பிலிருந்து ஆடுகிறான். காலை ஐந்தரைக்கு நான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன், பயிற்சி முடியும்வரை கோர்ட் ஓரத்திலேயே நிற்பேன், அதனால் அவன் ஆட்டம் எனக்கு ஓரளவு தெரியும். நான் ஆடியது கபடி, பாஸ்கெட்பால் இல்லை. நுணுக்கம் தெரியாமல் பேசுகிறேன் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

முதலில் இருந்த கோச் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஜூனில் புதியவர் வந்தார். உழைப்பாளி, பசங்களுக்குத் தன் கைக்காசில் முட்டை வாங்கிக் கொடுக்கிறவர், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆட்டத்தில் என் பையன் ஒருமுறை பந்தை விட்டால் போதும், அடுத்த விசிலுக்கு இன்னொரு பையனை எழுப்பி உள்ளே அனுப்பிவிடுகிறார். போன மாதம் ஒரு போட்டியில் எண்ணினேன், ஒரே ஆட்டத்தில் ஏழு தடவை வெளியே வந்தான். வந்து உட்கார்ந்தால் ஏன் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது எனக்கு. அப்புறம், பந்தைக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் என்ன ஆட வேண்டும் என்று அவரே ஓரத்தில் நின்று விரல் காட்டுகிறார். ஒன்று, இரண்டு, மூடிய கை, இப்படி.

இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டும்போது அவன் கூடையைப் பார்ப்பதில்லை. பெஞ்சைப் பார்க்கிறான். முன்பெல்லாம் ரிங்குக்குக் கீழே வெட்டி ஓடுகிறவனுக்கு இரண்டு பேர் காலுக்கு நடுவே தரையில் தட்டி ஒரு பாஸ் கொடுப்பான், வேறு பள்ளிப் பெற்றோர்கூடக் கை தட்டுவார்கள். அந்தப் பாஸைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு மூலைக்கு ஒதுங்கிவிடுகிறான். டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணிக்கு விடுவது, குறைந்திருக்கிறது, உண்மைதான். கோச் அதைத்தான் முன்னேற்றம் என்கிறார். எனக்கு அது முன்னேற்றமாகத் தெரியவில்லை.

வீட்டில் பள்ளியை மாற்றலாம் என்ற பேச்சு வந்துவிட்டது, இந்த வருடம் பத்தாம் வகுப்பு வேறு. கோச்சிடம் நேராகப் பேசினால் பையனுக்கு அது இன்னும் கெடுதலாக முடியுமா? ஆடியவர்கள், சொல்லிக்கொடுக்கிறவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய 5ஆம் நம்பர்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது, அது அப்படியே நான். எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே கோச், ஒவ்வொரு செட்டும், அதாவது யார் எப்படி ஓட வேண்டும் என்ற திட்டத்தை, அவர்தான் சொல்லுவார், நான் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள். மாவட்ட அளவில் ஜெயித்தோம், கேடயமெல்லாம் இருக்கிறது, அப்போது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

கல்லூரியில் முதல் வருடம், முதல் பெரிய போட்டி, உள்ளரங்கம். கூட்டம், மேளம், ஒரே சத்தம். எதிரணி முழுக் கோர்ட்டிலும் பிரஸ் போட்டார்கள், ஆரம்பத்திலிருந்தே நெருக்கித் தடுத்தார்கள். பக்கக்கோட்டோரம் என்னை இரண்டு பேர் மடக்கினார்கள், நான் பழக்கதோஷத்தில் பெஞ்சைப் பார்த்தேன். கோச் ஏதோ கத்துகிறார், வாய் அசைவது தெரிகிறது, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. நடுக்கோட்டைத் தாண்ட வேண்டிய எட்டு செகண்ட் ஓடி விசில் அடித்துவிட்டார்கள், பந்து அவர்களுக்குப் போனது. அடுத்த முறையும் அதேதான். இரண்டாவது குவார்ட்டரில் என்னை எடுத்தார்கள், அந்தப் போட்டி முடியும்வரை நான் உள்ளே போகவில்லை.

மறுநாள் அந்தக் கல்லூரி கோச் என்னைத் தனியாக உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "மடக்கும்போது நீ என்ன பார்த்தாய்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நடுவில் ஆள் காலியாக நின்றானா, பின்னால் திருப்பிக் கொடுக்க யாராவது இருந்தார்களா, எதுவுமே நினைவில்லை. ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை. பார்ப்பது என் வேலை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தக் கண்ணைப் பழக்க இரண்டு வருடம் ஆனது, அதற்குள் பல்கலைக்கழகத் தேர்வுக்கான காலம் கைநழுவிவிட்டது.

இதில் பெஞ்சில் உட்கார வைத்தது என்னைக் கெடுக்கவில்லை, அதை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். எனக்காக இன்னொருவர் ஐந்து வருடம் யோசித்ததுதான் கெடுத்தது. உங்கள் பையன் விஷயத்திலும் ஏழு தடவை வெளியே வந்ததைவிட அந்த விரல்தான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

விசில்:

மேலே 5ஆம் நம்பர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் உள்ளூர் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன். அமெரிக்காவின் என்பிஏ லீகில் பந்து கையில் இருக்கும் வீரரே டைம் அவுட் (சிறு இடைவேளை) கேட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். நம் ஊரில் நடப்பது ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பு) விதி, அதில் கோச் அல்லது உதவி கோச் மட்டும்தான் கேட்க முடியும், அதுவும் விசில் அடித்து ஆட்டம் நின்றால், அல்லது எதிரணி கூடை போட்டால்தான் கிடைக்கும். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் மடக்கப்பட்டால் கோச் நினைத்தாலும் காப்பாற்ற வழி கிடையாது. முதல் பாதிக்கு இரண்டு டைம் அவுட், இரண்டாம் பாதிக்கு மூன்று, அவ்வளவுதான் மொத்தமே. மீதி நேரமெல்லாம் அந்தப் பையன் தலைதான். விரல் பார்த்து ஆடுகிற கார்டுகளை நான் மாதக்கணக்கில் பார்க்கிறேன், பிரஸ் போட்டால் முதலில் உடைவது அவர்கள்தான்.

ஸ்பர்ஸ் 9:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் யாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று. ஆனால் என்பிஏவின் ஸ்பர்ஸ் அணியில் 9ஆம் நம்பர் போட்டு ஆடிய பிரான்ஸ் கார்டு டோனி பார்க்கர் கதை உங்கள் கேள்விக்கு நிஜமாகவே பொருந்துகிறது சார், நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001இல் ஸ்பர்ஸ் அணி அவரைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டபோது, முன்னாள் வீரரான லான்ஸ் பிளாங்க்ஸ் எதிரே நின்று இடித்து ஆடினார். பார்க்கர் தடுமாறினார். பத்து நிமிடத்திலேயே ஸ்பர்ஸ் கோச் கிரெக் பாபோவிச் போதும் என்று சொல்லிவிட்டார், மென்மையான பையன், தாங்க மாட்டான் என்ற எண்ணம். அப்புறம் அவர் ஆடிய ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். டிராஃப்ட்டில், அதாவது என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில், 28ஆவது இடத்தில் எடுத்தார்கள். ஒரு கோச் தன் முதல் முடிவை மாற்றிக்கொண்டதால் மட்டுமே இந்தக் கதையே தொடங்குகிறது, அதை முதலில் கவனிக்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். அந்த சீசன் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே 19 வயதுப் பையனிடம் தொடக்க பாயிண்ட் கார்ட் இடத்தைக் கொடுத்தார் பாபோவிச். டிம் டங்கன், டேவிட் ராபின்சன் இருக்கிற அணி, கோப்பைக்காக ஆடுகிற அணி, சும்மா கற்றுக்கொள்ளட்டும் என்று தோற்கக்கூடிய அணி இல்லை. அந்த முதல் சீசனில் 77 ஆட்டம், சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல். திட்டும் அதே அளவு கிடைத்தது. பார்க்கரை பாபோவிச் எவ்வளவு கடுமையாக நடத்தினார் என்பது அந்த அணியைப் பின்தொடர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் திட்டிவிட்டு மறுபடி உள்ளே அனுப்புவார், அடுத்த நாளும் தொடக்க ஐவரில் அவர் பெயர் இருக்கும்.

இனிமையான கதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். 2003 ஃபைனல்ஸ் (என்பிஏ இறுதித் தொடர்), நியூஜெர்சிக்கு எதிராக ஆறாவது ஆட்டம், அன்று ஜெயித்தால் கோப்பை. பார்க்கர் திணறினார். நாலாவது குவார்ட்டரில் ஸ்பர்ஸ் 19 புள்ளி தொடர்ச்சியாக எடுத்து ஆட்டத்தைப் புரட்டிப் போட்ட நேரத்தில் களத்தில் இருந்தது இன்னொரு கார்டான ஸ்பீடி கிளாக்ஸ்டன். கோப்பை கிடைத்தது, பார்க்கர் அதைப் பெஞ்சிலிருந்து பார்த்தார். அது போதாதென்று அந்தக் கோடையில் அதே நியூஜெர்சியின் ஜேசன் கிட்டை அணிக்கு இழுக்கப் பார்த்தது ஸ்பர்ஸ் நிர்வாகம். 21 வயதுப் பையன், அப்போதுதான் சாம்பியன் ஆகியிருக்கிறான், அவன் இடத்துக்கே இன்னொருவரைத் தேடுகிறார்கள். கிட் கடைசியில் நியூஜெர்சியிலேயே இருந்துவிட்டார். பார்க்கருக்கு அது வலித்தது, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அப்படியானால் அவர் ஏன் உடையவில்லை? என் கருத்து இது: கடைசி நிமிடங்களைப் பறித்தார்கள், ஆனால் முதல் முப்பத்தைந்து நிமிடங்களில் முடிவெடுக்கும் உரிமையை யாரும் பறிக்கவில்லை. எது சரியில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது, அவருடைய ஷாட். 2005இல் சிப் எங்கலண்ட் என்ற ஷூட்டிங் கோச்சைக் கொண்டுவந்தார்கள். அவர் பார்க்கரின் கையை, பிடியைத் திருத்தினார், மூன்று புள்ளி ஷாட்டைக் கொஞ்ச காலம் மறந்துவிட்டு நடுத்தூர ஷாட்டையும் ரிங்குக்குப் போவதையும் கவனிக்கச் சொன்னார். அடுத்த சீசனிலேயே போட்ட ஷாட்டில் 54.8 சதவீதம் உள்ளே, சராசரி 18.9 புள்ளி, முதல்முறையாக ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. ஆறடி இரண்டங்குல கார்டு இந்தச் சதவீதத்தில் ஆடுவது லேசான காரியமில்லை. 2007இல் கிளீவ்லாந்தை 4-0 என்று வென்றபோது ஃபைனல்ஸ் எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது) அவர்தான், சராசரி 24.5. அந்த விருதை வாங்கிய முதல் ஐரோப்பிய வீரர். 2023இல் கோச்சும் வீரரும் ஒரே வருடத்தில் பாஸ்கெட்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்கள்.

உங்கள் பையனை எடுப்பது தப்பில்லை சார். எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்பும்போது கையில் என்ன கொடுத்து அனுப்புகிறார் என்பதைப் பாருங்கள். எங்கலண்ட் "இதை விடு, இதை எடு" என்றார். உங்கள் கோச் எதையும் சொல்லாமல் அனுப்புகிறார் என்றால் பையன் எல்லாவற்றையும் விட்டுவிடுவான். அந்தத் தரையில் தட்டும் பாஸ் அப்படித்தான் போயிருக்கும்.

பழைய 5ஆம் நம்பர்:

ஸ்பர்ஸ் 9, அருமையாக எழுதினீர்கள். என்பிஏவில் கோல்டன் ஸ்டேட் அணியின் கார்டு ஸ்டீஃபன் கரியும் இப்படி ஒன்றைக் கடந்துதானே வந்தார்? 2010-11இல் கீத் ஸ்மார்ட் கோச்சாக இருந்தபோது சில ஆட்டங்களில் கடைசி நேரத்தில் கரியை உட்கார வைத்துவிட்டு ஏசி லாவை ஆட விட்டார், அது அன்றே பெரிய பேச்சு. அப்புறம் மார்க் ஜாக்சன் கோச்சாக வந்தார், 2012 மார்ச்சில் இன்னொரு கார்டான மான்டா எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பிவிட்டு அணி நிர்வாகம் பந்தைக் கரி கையில் கொடுத்தது. அடுத்த முழு சீசனில் 272 மூன்று புள்ளி ஷாட், அன்றைக்கு அது சாதனை. ஆள் அதேதான், பந்து யார் கையில் என்பதுதான் மாறியது.

ஸ்பர்ஸ் 9:

ஆமாம். ஒன்று கூட்டிச் சொல்வேன், 2014இல் ஸ்டீவ் கெர் கோச்சாக வந்தபோது அவர் செய்தது இதற்கு நேர் எதிர். கரி கையில் குவிந்திருந்த பந்தை எல்லோருக்கும் ஓட விட்டார், கரியைப் பந்தில்லாமல் ஓட வைத்தார். அதே சீசனில் எம்விபியும் கோப்பையும் வந்தன. முதலில் முழுப் பொறுப்பு, அது கைக்கு வந்த பிறகு பகிர்வது. முதல் படி நடக்காமல் கெர் நேராக வந்திருந்தால் கரி வெறும் ஷூட்டராக நின்றிருப்பாரோ என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

மைதானம் டீச்சர்:

நான் உடற்கல்வி ஆசிரியை, பதினெட்டு வருடமாகப் பெண்கள் அணிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பல்கலைக்கழக அணியில் நானும் கார்டாக ஆடியவள்தான். மேலே எழுதிய எல்லோர் மேலும் மரியாதை உண்டு, ஆனால் கோச் பக்கம் ஒருவர்கூடப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என்பிஏவில் ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். இன்று தோற்றால் நாளை மறுநாள் இன்னொன்று. எங்களுக்குப் பெரும்பாலும் நாக்-அவுட், ஒரு ஆட்டம் தோற்றால் அன்று மாலையே பஸ் ஏறிவிட வேண்டும். அந்தத் தோல்வி என் கணக்கில் மட்டும் போகாது. அணியில் இருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளையாட்டு இட ஒதுக்கீட்டில் சீட் கிடைப்பது சான்றிதழில் இருக்கிறது, அந்தச் சான்றிதழ் எத்தனை சுற்று தாண்டினோம் என்பதில் இருக்கிறது. பதினைந்து வயதுக் கார்டு பந்தை மூன்று முறை விட்டால் அந்தப் பெரிய பிள்ளையின் முகத்தை நான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கோச்சின் கையும் பெஞ்சுப் பக்கம் போகத்தான் செய்யும். நானும் செய்திருக்கிறேன், சில பிள்ளைகளை அப்படிக் கெடுத்தும் இருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

நான் மாறியது ஒரு நோட்டால். டர்ன்ஓவர் எத்தனை என்று மட்டும் எழுதுவதை விட்டுவிட்டு எப்படிப்பட்டது என்று எழுத ஆரம்பித்தேன். நடுக்கோர்ட்டில் டிரிபிள் செய்யும்போது (பந்தைத் தட்டிக்கொண்டே போகும்போது) கையிலிருந்து பறிகொடுத்தால் எதிரணிக்கு நேரே லே-அப், ரிங்குக்குக் கீழே சுலபமான கூடை, தடுக்க ஆளே இருக்காது. அதே, வெட்டி ஓடுகிறவளுக்குக் கொடுத்த பாஸ் கொஞ்சம் நீண்டு கோட்டுக்கு வெளியே போனால், ஆட்டம் நிற்கிறது, நாங்கள் திரும்பி ஓடி எங்கள் இடத்தைப் பிடித்துவிடுகிறோம். இரண்டும் நோட்டில் ஒரு கோடுதான், ஆனால் முதலாவதைத் திருத்த வேண்டும், இரண்டாவதை வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி பெஞ்சில் போட்டால் பிள்ளை முதலில் நிறுத்துவது இரண்டாவதைத்தான், ஏனென்றால் அதுதான் அவளாக விரும்பிச் செய்வது. உங்கள் மகன் விஷயத்தில் நடந்திருப்பது இதுதான் என்று படித்ததுமே தோன்றியது.

விரல் காட்டுவதை நானும் முழுசாக விடவில்லை. சைடில் இருந்து பந்து உள்ளே வரும்போதும் கடைசி இரண்டு நிமிடத்திலும் நான் சொல்வேன். மற்ற நேரம் அவள் சொல்ல வேண்டும், வாய்விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி. பயிற்சியில் மூன்று பேர், மூன்று பேர் என்று பிரித்து ஆட விட்டு நான் வாயே திறக்காமல் இருப்பேன். முதல் வாரம் கண்றாவியாக இருக்கும். மூன்றாவது வாரம் அவர்களே சண்டை போட்டுக்கொண்டு தீர்மானிப்பார்கள்.

சார், கோச்சிடம் பேசுங்கள், ஆனால் ஆட்டம் முடிந்த அன்று வேண்டாம், மற்ற பெற்றோர் எதிரிலும் வேண்டாம். என் பையனுக்கு ஏன் நேரம் தரவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் நாங்கள் காதை மூடிக்கொள்வோம். "அவன் வீட்டில் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும், ஒன்று மட்டும் சொல்லுங்கள், நான் காலையில் செய்ய வைக்கிறேன்" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அவர் பையனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். முட்டை வாங்கித் தருகிற மனிதருக்குப் பதில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை என்றால் பள்ளி மாற்றுவதை யோசிக்கலாம், அதுவும் பத்தாவது பரீட்சை முடிந்த பிறகு.

கரூர் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதவில்லை, பேசிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கோச்சிடம் போனேன். டீச்சர் சொன்ன அதே கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவே இல்லை, "இடது கை" என்றார். இடது பக்கம் டிரிபிள் போனால் பந்தை இடுப்புக்கு மேல் தூக்கிவிடுகிறானாம், பறிகொடுப்பது எல்லாம் அங்கேதான். இத்தனை நாள் பெஞ்சிலிருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒருமுறைகூட அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும் என்று நினைத்தேன் என்றார். வருத்தமாகச் சொன்னார், எனக்கும் அதற்கு மேல் கோபம் வரவில்லை.

பிறகு மெதுவாக அந்தத் தரையில் தட்டும் பாஸைப் பற்றிக் கேட்டேன். "எந்தப் பாஸ்?" என்றார். அவர் வந்த பிறகு அவன் அதைக் கொடுத்ததே இல்லையே, எப்படித் தெரியும்? என் போனில் போன வருட வீடியோ ஒன்று இருந்தது, காட்டினேன். நின்றபடியே இரண்டு முறை பார்த்தார். அனுப்புங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

சனிக்கிழமை பக்கத்துப் பள்ளியோடு ஒரு நட்பு ஆட்டம். இரண்டாவது குவார்ட்டர் முழுக்க நான் விரல் காட்ட மாட்டேன், எத்தனை தப்பு வந்தாலும் எடுக்க மாட்டேன் என்று பையனிடமே சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு நிமிடம் அவன் பெஞ்சைத்தான் பார்த்தான், கோச் வேண்டுமென்றே குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒருமுறை பறிகொடுத்தான். அப்புறம் அந்தப் பாஸைக் கொடுத்தான், வாங்க வேண்டியவன் எதிர்பார்க்கவே இல்லை, முழங்காலில் பட்டு வெளியே போய்விட்டது. கோச் கை தட்டினார், வாங்கத் தவறியவனைப் பார்த்து "கையைத் தயாரா வைடா" என்றார்.

ஆறு புள்ளியில் தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து யார் எங்கே நின்றார்கள், எங்கே கொடுத்திருக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான், ஹெல்மெட்டில் பாதி காதில் விழவில்லை. காலையில் ஐந்து மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறான், இடது கைக்கு.

டீச்சர், இன்னொரு கேள்வி. வீட்டு மொட்டை மாடியில் இடது கைக்கு மட்டும் தனியாக என்ன பயிற்சி கொடுக்கலாம்? இடம் பத்தடிக்குப் பதினைந்தடிதான் இருக்கும்.